மே மாதத்து முதல் தண்ணீர்

தலைநகரம், பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணன் மில்சியாதெஸுக்கு,

ஆசி தாருங்கள். நான் நலம். நலம் என்றால், காலையில் எழுந்து பேருந்தைப் பிடிக்கிற அளவுக்கு நலம். அண்ணி தொமித்திலா எப்படி இருக்கிறார்கள்? போன கடிதத்தில் பசுவுக்கு வயிறு சரியில்லாததை ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்கள். அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை.

வானிலை ஆய்வகத்தில் என்னைப் பொதுமக்கள் மேசையில் உட்கார வைத்தாலும் வைத்தார்கள், காது வலிக்கிறது. நேற்று ஒரு அம்மாள் தொலைபேசியில், "ஞாயித்துக்கெழம என் மகளுக்குக் கல்யாணம். அன்னைக்கு மழை வேணாம்னு கொஞ்சம் சொல்லி வையேன் தாயி" என்றாள். யாரிடம் சொல்லி வைப்பது? ஒரு வக்கீல் நேரிலேயே வந்துவிட்டார். போன ஆகஸ்டில் ஒரு குறிப்பிட்ட நாளில் மழையே பெய்யவில்லை என்று சான்றிதழ் வேண்டுமாம். பெய்ததே என்றேன். "கொஞ்சமாத்தானே பெஞ்சுது? அதப் போயி மழைன்னு சொல்லலாமா?" என்று கத்தரிக்காய்க்குப் பேசுவது போல் பேரம் பேசினார்.

இதுவாவது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இப்போது ஆற்று எச்சரிக்கையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மலைமேல் மழை அளந்து சொன்ன உபால்தோ மகனோடு நியூயார்க் போய்விட்டார். இனி உங்கள் முற்றத்து மழைமானி ஒன்றுதான் மிச்சம். காலையில் கடைத் தொலைபேசியிலிருந்து நீங்கள் சொல்லும் எண் நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால், கீழே ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் லா போக்கா ஊராரை மேட்டுக்குப் போகும்படி வானொலியில் சொல்ல வேண்டும். மலையில் விழுகிற தண்ணீர் அவர்கள் வாசலுக்கு வர அரை நாள் ஆகும். அந்த அரை நாள்தான் நம்மால் அவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. போன வருடம் மேலிடம் எழுதிக் கொடுத்ததை நான் மூன்று முறை வானொலியில் வாசித்தேன், மூன்று முறையும் ஆறு வரவில்லை. எனவே, அண்ணா, ஒரு சொட்டுகூட விடாமல் பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் முத்தம்.

தங்கை நெரெய்தா

~

லோமா வியெஹா, மார்ச் 3

நெரெய்தா,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் பெண்ணே. உன் கடிதத்தைப் பேருந்துக்காரன் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்து கொடுத்தான். பாதி எழுத்து வியர்வையில் கரைந்திருந்தது, மீதியை நான் ஊகித்துக்கொண்டேன்.

மழையை ஊகிப்பதில்லை, கவலைப்படாதே. தினமும் காலையில் அளந்துவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். பிறகு ஃபெலோவின் கடைக்கு நடை. அவன் என்னைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு, "வாங்க மழை மந்திரி! இன்னைக்கு எத்தன சொட்டு?" என்று கத்துவான். கடையில் இருக்கிற சோம்பேறிகள் எல்லாம் எழுந்து நின்று சலாம் வைப்பார்கள். சம்பளம் இல்லாத மந்திரிக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.

கொக்கோ இந்த முறை பரவாயில்லை. துவரையைப் பாதி கிளி தின்றுவிட்டது. பசுவுக்குக் குணமாகிவிட்டது.

தொமித்திலா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், அவ்வளவுதான். நீ வர வேண்டாம், பாதை மோசம்.

மில்சியாதெஸ்

~

தலைநகரம், ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

ஆசி தாருங்கள். எனக்கு ஒரு வாரமாகச் சளி. அண்ணி இளைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு? மருத்துவரைப் பார்த்தீர்களா? நீங்கள் "அவ்வளவுதான்" என்று எழுதினால் அந்த வரியை மூன்று முறை படிக்கிறேன்.

போன சனிக்கிழமை லா போக்கா போனேன். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படம், வரைபடம் எல்லாம் கொண்டு போயிருந்தேன். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் கசில்தா என்று ஒரு மீன்காரி. என் தலைமுடியிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ரேடியோவுல பேசுற பொண்ணு நீதானா? உன் பேச்சக் கேட்டு மூணு தடவ மெத்தையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு மேட்டுக்கு ஓடுனேன். ஆறு வரல. மெத்ததான் கிழிஞ்சுது. எம் புருசன் செத்தப்பகூட நான் இம்புட்டு அலையல."

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் சிரிக்காமல் கேட்டாள். "உண்மையச் சொல்லு பொண்ணே. நாங்க எப்பதான் நிம்மதியாத் தூங்குறது?"

அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அதே அலுப்புத்தான் இருந்தது, அண்ணா. இனிமேல் எண் சரியாக இருந்தால் மட்டும்தான் சொல்வேன் என்றேன். "நான் ஓடச் சொன்னா ஓடுங்க. நான் ஒண்ணும் சொல்லலேன்னா தூங்குங்க" என்றேன். கசில்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மீன் வாசம் பேருந்து முழுக்கக் கூட வந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களை நம்பித்தான்.

நெரெய்தா

~

லோமா வியெஹா, ஏப்ரல் 27

நெரெய்தா,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். சளிக்கு இஞ்சித் தண்ணீர் குடி. மாத்திரையை நம்பாதே.

வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும்.

இங்கே ஒரு துளி மழை இல்லை. மழைமானியில் சிலந்தி கூடு கட்டுகிறது, தினமும் துடைக்கிறேன். மே மாதம் பிறக்கப் போகிறது, முதல் மழைக்கு ஊரே சட்டி பானையோடு காத்திருக்கிறது. உனக்குத் தெரியாததா. இந்த வருடம் பெண்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கூரையிலோ இலையிலோ பட்டு விழுந்த தண்ணீருக்குச் சக்தி இல்லையாம், வானத்திலிருந்து நேராகப் பாத்திரத்தில் விழுந்திருக்க வேண்டுமாம், அதில் தலை நனைத்தால்தான் பழைய நோய் கழுவிக்கொண்டு போகுமாம். தொமித்திலாவும் காத்திருக்கிறாள்.

அவளுக்குக் கொஞ்சம் அசதி. நகரத்து மருத்துவர் பார்த்துவிட்டு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊசி போட்டால் தூங்குகிறாள். வேறு ஒன்றும் இல்லை. நீ வர வேண்டாம்.

மில்சியாதெஸ்

~

தலைநகரம், மே 10

அண்ணா,

ஏழாம் தேதி காலையில் நீங்கள் பன்னிரண்டு என்று சொன்னீர்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர். தோட்டத்துக்குத் தெளிக்கிற தண்ணீர். நான் வானொலிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியம் லா போக்காவுக்குள் ஆறு புகுந்தது. ஆற்றங்கரையில் இருந்த இரண்டு வரிசை வீடுகள் இல்லை. நான்கு பேர் இறந்துபோனார்கள். கசில்தா அவர்களில் ஒருத்தி. பக்கத்து வீட்டுக்காரர் ஆற்றின் சத்தத்தைக் கேட்டுப் பயந்து கூப்பிட்டாராம். "ரேடியோப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம்.

மழைமானியில் என்ன இருந்தது? உடனே எழுதுங்கள்.

நெரெய்தா

~

தலைநகரம், மே 29

அண்ணா,

பதில் இல்லை. கடைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மந்திரி வீட்ட விட்டு வெளிய வர்றதில்லம்மா" என்கிறார் ஃபெலோ.

எங்கள் மேற்பார்வையாளர் உங்கள் வீட்டுக்கு வந்துபோனாரே, அவருடைய அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. கருவியில் ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை. ஊரில் எல்லார் வீட்டுப் பீப்பாயும் அன்று காலையில் நிரம்பி வழிந்திருக்கிறது. நூற்றுக்கு மேல் கண்டிப்பாகப் பெய்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். உங்களிடம் கேட்டதற்கு, "நான் தூங்கிட்டேன், மழை பெஞ்சது தெரியல" என்று மட்டும் சொன்னீர்களாம்.

தகரக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, ஆறு ஊரை அடித்துக்கொண்டு போகிற அளவுக்குப் பெய்த மழை காதில் விழவில்லையா? எழுந்து போய் அளந்தீர்களா, இல்லை படுக்கையிலேயே ஒரு எண்ணை யோசித்துக்கொண்டு கடைக்குப் போனீர்களா? நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

உங்களை மழை அளப்பவர் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான். வேறொருவர் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நெரெய்தா

~

லோமா வியெஹா, ஜூன் 8

நெரெய்தா,

நீ ஆசி கேட்கவில்லை. நான் கொடுக்கிறேன். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

அளந்தேன். பாத்திரத்தில் பன்னிரண்டுதான் இருந்தது. இருந்ததைச் சொன்னேன். முந்தின நாள் படுத்தவன் விடியும் வரை பிணம் போலத் தூங்கினேன், அதுவும் உண்மை.

இன்னொன்று. அன்று தொலைபேசியில், "ஓடைத் தண்ணி நெறம் சரியில்ல நெரெய்தா, செங்காவியா ஓடுது" என்று ஆரம்பித்தேன். "அண்ணா, எண் மட்டும் போதும், லைன்ல நெறையப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்று நீ வைத்துவிட்டாய். மேற்பார்வையாளரிடம் இதை நான் சொல்லவில்லை. எங்கேயும் சொல்ல மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

மழைமானியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நல்லதுதான்.

தொமித்திலா நன்றாக இருக்கிறாள்.

மில்சியாதெஸ்

~

லோமா வியெஹா, ஜூன் 24

நெரெய்தா கண்ணு,

கடவுள் உன்னக் காப்பாத்தட்டும். எனக்கு ஒழுங்கா எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். உங்கண்ணன் கொக்கோ காயப் போடப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள பேருந்துக்காரன்கிட்டக் குடுத்துரணும்.

எனக்கு வயித்துல கட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தியே தெரியும். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் புடிவாதமா இருந்துட்டாரு. ஏற்கெனவே அலுத்துப் போயி எழுதுறா, இதையும் தூக்கி அவ தலையில வைக்கணுமான்னு கேட்டாரு. நான் கத்துற கத்துல அந்த மனுசன் மாசக்கணக்கா ராவுல கண்ண மூடல. அந்த மழைக்கு முந்தின ராவுலதான் மருத்துவர் பெரிய ஊசி போட்டாரு. நான் தூங்குனேன். நான் தூங்குனதப் பாத்து அவரும் தூங்கிட்டாரு. அது ஒரு குத்தமா சொல்லு.

விடியக்கருக்கல்ல எனக்கு முழிப்புத் தட்டிருச்சு. கூரை தடதடன்னு அதிருது. மே மாசத்து முதல் மழை! அவர எழுப்ப மனசு வரல. சொவத்தப் புடிச்சுக்கிட்டே முத்தத்துக்குப் போனேன். பீப்பா கூரைத் தண்ணி, சட்டியெல்லாம் மாமரத்துக்குக் கீழ கெடக்கு. வானத்துத் தண்ணி நேரா விழுந்த பாத்திரம் ஒண்ணுதான் இருந்துச்சு. உங்க ஆபீசு மழைமானி. அவரு தெனமும் தொடச்சுத் தொடச்சு, கோயில் கிண்ணம் மாதிரி பளபளன்னு வச்சிருப்பாரு. நெரம்பி இருந்துச்சு. அப்படியே எடுத்துத் தலையில ஊத்திக்கிட்டேன், கொஞ்சம் குடிச்சேன், வயித்துல தடவுனேன். திருப்பி அதே எடத்துல வச்சுட்டேன். மழை இன்னும் கொஞ்ச நேரம் பெஞ்சுது. அவரு அளந்தது அந்தக் கொஞ்ச நேரத்து மழையத்தான்.

தண்ணியத்தானே எடுத்தோம்னு நெனச்சேன். இன்னைக்குப் போனா நாளைக்குப் பெய்யும். கீழ ஒரு ஊரு அந்தத் தண்ணிய நம்பிப் படுத்திருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல.

கடையிலேருந்து வந்தவரு என் ஈரத் தலையப் பாத்தாரு. "பீப்பாத் தண்ணியா?"ன்னு கேட்டாரு. திட்டுவாருன்னு ஆமான்னுட்டேன். மறுநாள் லா போக்கா சேதி வந்தப்பதான் அழுதுக்கிட்டே சொன்னேன். அவரு போயி மழைமானியத் தொடச்சாரு. அப்புறம், "யாருகிட்டயும் சொல்லாத. நான் தூங்கிட்டேன்னே இருக்கட்டும்"னாரு.

நான் போயிட்டா இது யாருக்கும் தெரியாமப் போயிரும். உங்கண்ணன் பேருல கறை நிக்கும். அதனால எழுதுறேன். யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு.

உன் அண்ணி தொமித்திலா

~

தலைநகரம், ஜூலை 15

அண்ணா, அண்ணி, இருவருக்கும்,

ஆசி தாருங்கள். இத்தனை நாள் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

அண்ணியின் கடிதத்தை இயக்குநரிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மக்கள்கிட்ட இதெல்லாம் எதுக்கும்மா? கருவிக் கோளாறுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க, முடிஞ்சு போச்சு" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் களைத்துப் போனவர். நானும் நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. கசில்தாவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தது கருவியா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லா போக்கா பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். இந்த முறை படம் எதுவும் எடுத்துப் போகவில்லை. பாதி நாற்காலிகள் சேறாக இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு என்ற எண்ணை, ஓடையின் நிறத்தை, எண் மட்டும் போதும் என்று நான் உங்கள் வாயை அடைத்ததை. ஆம், அண்ணா, ஞாபகம் இருக்கிறது. ஆறு புகுந்த மறுநாளிலிருந்து அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மே மாதத்துத் தண்ணீரைச் சொன்னேன். அண்ணியின் பெயரைச் சொன்னேன்.

ஒரு கிழவர் எழுந்து என் காலடியில் துப்பிவிட்டு வெளியே போனார். ஒருவன் நாற்காலியை எட்டி உதைத்து, "மூணு தடவ சும்மா ஓட வச்சா, நாலாவது தடவ சாகடிச்சா!" என்று கத்தினான். நான் அப்படியே நின்றேன். நியாயமாகத்தான் பட்டது.

கசில்தாவின் மகள் எஸ்தெலா கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்ததும் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அம்மாவைப் போலவே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அன்னைக்குக் காலையில எங்கம்மாவும் முத்தத்துல சட்டி வச்சுத் தல நனைச்சாங்க. இடுப்பு வலி போகணும்னு" என்றாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு, "உங்க அண்ணிக்குக் கொணமாச்சா?" என்று கேட்டாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை, அண்ணா. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. ஊருக்கெல்லாம் மழையும் காற்றும் சொல்கிறவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு மனுஷி எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

விடுப்பு கேட்டிருக்கிறேன், கிடைத்த அன்றே கிளம்பி வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள், எழுதினாலும் வருவேன். அதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுதுங்கள். "நன்றாக இருக்கிறாள்" என்று எழுதாதீர்கள்.

நெரெய்தா

~

லோமா வியெஹா, ஜூலை 26

நெரெய்தா,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தொமித்திலா அதற்கு முந்தின வியாழக்கிழமை போய்விட்டாள். ஒன்பதாம் நாள் ஜெபம் நாளை மறுநாள். அதற்குள் வந்துவிடு, இதை இன்றே உன் கையில் சேர்க்கச் சொல்லிப் பேருந்துக்காரனிடம் கொடுக்கிறேன். பாதை நன்றாகத்தான் இருக்கிறது, எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் கேட்டதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

குணமாகவில்லை. ஆனால் ஏழாம் தேதி மதியம், உங்கள் ஆறு அவர்கள் ஊருக்குள் போன அதே நேரத்தில், தொமித்திலா பசிக்கிறது என்றாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. வாழைக்காயை அவித்து மசித்து, வெங்காயம் வதக்கிப் போட்டு, ஒரு முட்டையும் பொரித்துக் கொடுத்தேன். முழுத் தட்டையும் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்று என்னைத் திட்டினாள். ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்தாள். சாயங்காலம் வலி திரும்பிவிட்டது. அதற்கப்புறம் போகவே இல்லை.

எஸ்தெலாவிடம் போய் இதை இப்படியே சொல். அந்தத் தண்ணீர் கொடுத்தது ஒரு வேளைச் சாப்பாடு என்று சொல். எனக்காகவும் தொமித்திலாவுக்காகவும் மன்னிப்பு எதுவும் கேட்காதே. அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை.

மில்சியாதெஸ்